இரண்டாயிரம் எலக்ட்ரான் வோல்ட் (இவி) தடுமாறும் டிடெக்டரை வைத்து அரை இவியை அளப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள கேட்ரின் சோதனை, மின்னூட்டமற்ற மிக லேசான துகளான நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது என்று 2025-ல் வெளியிட்ட முடிவில் கூறியது. ஆனால் அங்கே எலக்ட்ரான்களைப் பிடிக்கும் சிலிக்கான் டிடெக்டர், ஒரு எலக்ட்ரானின் ஆற்றலை ஒன்றரை ஆயிரம் முதல் இரண்டாயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை குழப்பிக்கொள்ளும். அப்படியானால் அது வெறுமனே தலைகளை எண்ணுகிறது, அவ்வளவுதானே? எண்ணுகிற கருவியின் முறையான பிழைகளுக்கு (அளவை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் பிழைகளுக்கு) ஏன் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள்? தரவிலிருந்து கணக்கிட்ட நிறையின் வர்க்கம் எதிர்மறையாக வந்திருக்கிறதே, அதற்கும் அந்த டிடெக்டர்தான் காரணமா?

நல்ல கேள்வி. நான் பல ஆண்டுகள் சிலிக்கான் டிடெக்டர்களை எலக்ட்ரான்களுக்கு முன்னால் வைத்து வேலை பார்த்தவன். கேட்ரின் குழுவைச் சேர்ந்தவன் அல்லன். அவர்களின் வெளியீடுகளைத் தொடர்ந்து படிப்பவன். அந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறேன். துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகான எலக்ட்ரான் வோல்ட்டை இனி இவி என்றும், ஆயிரம் இவியைக் கிலோ இவி என்றும் சுருக்கிக்கொள்கிறேன்.

டிடெக்டர் வெறுமனே எண்ணுகிறது என்ற உங்கள் புரிதல் சரிதான். ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான ட்ரிட்டியம் சிதையும்போது எலக்ட்ரானும் நியூட்ரினோவும் வெளிவந்து ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன; அந்த எலக்ட்ரானுக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 18.6 கிலோ இவி ஆற்றல் இருக்கும். நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால், அந்த அதிகபட்ச ஆற்றலை, அதாவது முனையை, ஒட்டிய கடைசிச் சில இவிக்குள் நிறமாலையின் (எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் என்ற வரைபடத்தின்) வடிவம் கொஞ்சம் வளையும். அந்த வளைவைப் பார்க்க, டிடெக்டருக்கு முன்னால் 10 மீட்டர் விட்டமும் 23 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பெரிய வெற்றிடக் கலத்தை வைத்திருக்கிறார்கள். அதற்குள் எதிர் மின்னழுத்தம் ஒரு சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவரைத் தாண்டும் ஆற்றல் உள்ளவை மட்டும் மறுபக்கம் போகும், மற்றவை திரும்பிவிடும். வலுவான காந்தப்புலத்தில் கிளம்பும் எலக்ட்ரான்கள், கலத்தின் நடுவே புலம் மிகவும் குறைந்த இடத்தில் ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஓடும்படி மாறுவதால் இந்த வடிகட்டி நுட்பமாக வேலை செய்கிறது. அதன் பகுதிறன், அதாவது பிரித்தறியக்கூடிய ஆற்றல் வேறுபாடு, இரண்டு புலங்களின் விகிதத்தைப் பொறுத்தது: 4.2 டெஸ்லாவும் 0.63 மில்லி டெஸ்லாவும் என்றால், 18.6 கிலோ இவிக்கு 2.8 இவி. அப்புறம் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் எத்தனை எலக்ட்ரான்கள் தாண்டின என்று எண்ண வேண்டும். ஆற்றலை அளப்பது வடிகட்டி. எண்ணுவது டிடெக்டர்.

இந்த இடத்தில் பலர் கேட்கும் துணைக்கேள்வி ஒன்று உண்டு: இன்னும் நல்ல டிடெக்டர் செய்தால் வடிகட்டியே வேண்டாமே? சிலிக்கானில் அது நடக்காது. சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்-துளை இணை (சமிக்ஞையாகச் சேகரிக்கப்படும் மின்னூட்ட இணை) உருவாகச் சராசரியாக 3.6 இவி வேண்டும். 18.6 கிலோ இவி எலக்ட்ரான் ஒன்று சுமார் 5,100 இணைகளை உருவாக்கும். இந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சற்று மாறும். அந்த மாற்றம் எவ்வளவு அடங்கியிருக்கும் என்று சொல்லும் ஃபானோ காரணியை 0.115 என்று வைத்துக் கணக்கிட்டால் அந்தத் தடுமாற்றம் 24 இணைகள், அதாவது 88 இவி. அளவீட்டு முகட்டின் பாதி உயரத்தில் அதன் முழு அகலம் சுமார் 200 இவி. மின்னணுச் சுற்றின் இரைச்சல் துளிகூட இல்லாவிட்டாலும் இதற்குக் கீழே போக முடியாது. இது பொருளின் இயல்பு, செய்பவரின் திறமையோடு சம்பந்தப்பட்டதல்ல.

சரி, இனி முறையான பிழைக்கு வருவோம். எண்ணுகிற கருவி என்றால் அதன் பிழை ஒன்றும் செய்யாது என்று நினைப்பதில்தான் சிக்கல். என் அனுபவத்தில், ஒரு டிடெக்டர் பிழை பெரிதா சிறிதா என்று கேட்பதைவிட, வடிகட்டியின் மின்னழுத்தத்தை மாற்றும்போது அதுவும் கூடவே மாறுகிறதா என்று கேட்பதுதான் பயன் தரும். தரவுக்குப் பொருத்தும் வளைகோட்டில் நான்கு எண்கள் கட்டில்லாமல் விடப்படுகின்றன: நியூட்ரினோ நிறையின் வர்க்கம், நிறமாலையின் முனை ஆற்றல், மொத்த அளவு, பின்னணி (ட்ரிட்டிய எலக்ட்ரான்கள் அல்லாத எண்ணிக்கை). டிடெக்டர் எல்லாப் படிகளிலும் நூற்றுக்கு ஐந்து எலக்ட்ரான்களைத் தவறவிட்டால், அந்த இழப்பு மொத்த அளவுக்குள் போய்விடும். நிறைக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மின்னழுத்த அளவுகோல் மொத்தமாகச் சற்று நகர்ந்திருந்தால் அது முனை ஆற்றலுக்குள் போய்விடும். டிடெக்டரின் சொந்தப் பின்னணி எல்லாப் படியிலும் ஒரே மாதிரி இருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. இந்த மூன்றுக்குள்ளும் அடங்காமல் வடிவத்தை மாற்றும் எதுவும் நான்காவதான நிறைக்குள் போய் உட்காரும். ஐந்து சதவீத இழப்பு தொந்தரவு செய்யாது, பத்தாயிரத்தில் இரண்டு தொந்தரவு செய்யலாம்.

பத்தாயிரத்தில் இரண்டு எங்கிருந்து வரும் என்று ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். வடிகட்டியைத் தாண்டிய எலக்ட்ரான்களை டிடெக்டருக்கு முன்னால் இன்னொரு 10 கிலோ வோல்ட் கொடுத்து முடுக்கிவிடுகிறார்கள். அதனால் அவை ஏறத்தாழ 28.6 கிலோ இவியோடு சிலிக்கானில் மோதும். டிடெக்டர் தரும் நிறமாலையில் அங்கே ஒரு முகடும், அதன் இடப்பக்கம் நீண்ட ஒரு வாலும் தெரியும். ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை வைத்து, அந்தச் சாளரத்துக்குள் விழுபவற்றை மட்டும் எண்ணுவார்கள். வாலின் ஒரு துண்டு கீழ் எல்லைக்கு வெளியே போய்விடும். வடிகட்டியை முனைக்கு 40 இவி கீழே வைத்தால், உள்ளே வருபவை 40 இவி பரப்பில் விரிந்திருக்கும்; முனைக்கு அருகே வைத்தால் எல்லாம் முனையிலேயே குவிந்திருக்கும். ஆக, படிக்குப் படி முகடு சில பத்து இவி நகர்கிறது. கீழ் எல்லை மட்டும் நகராமல் நிற்கிறது. எல்லைக்கு அருகே வாலில் ஒரு கிலோ இவி அகலத்துக்கு அரை சதவீத நிகழ்வுகள் கிடக்கின்றன என்று வையுங்கள். முகடு 40 இவி நகர்ந்தால், பத்தாயிரத்தில் இரண்டு நிகழ்வுகள் எல்லையைக் கடந்துவிடும். அரை சதவீதம் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். ஆனால் தோராய அளவு இதுதான்.

இது பெரிதா? கேட்ரினின் 2025 முடிவு, 259 நாள் தரவில் 3.6 கோடி எலக்ட்ரான்களை வைத்து வந்தது. 3.6 கோடியின் வர்க்கமூலம் 6,000. அதாவது மொத்த எண்ணிக்கையின் புள்ளியியல் தடுமாற்றம் ஆறாயிரத்தில் ஒன்று. நான் மேலே சொன்ன நகர்வும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கிறது. கண்டுகொள்ளாமல் விட முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், இந்த நகர்வை டிடெக்டரின் சொந்த நிறமாலையிலிருந்தே கணக்கிட்டுத் திருத்திவிடலாம். திருத்தத்தையே இருபதில் ஒரு பங்குத் துல்லியத்தோடு செய்தால் போதும், மிச்சம் இருப்பது லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். முனையை ஒட்டிய குறுகிய அளவீட்டில் டிடெக்டர் பிழைகள் கடைசியில் சின்ன எண்ணாக அட்டவணையில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அவை சின்னவையாகப் பிறக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் திருத்தப்பட்டிருக்கின்றன.

அந்த வால் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். இரண்டு மூலங்கள் முக்கியம். ஒன்று, சிலிக்கானின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய உணர்வற்ற அடுக்கு; ஆய்வகத்தில் டெட் லேயர் என்போம். சுமார் 100 நானோமீட்டர் கனம் என்ற அளவில் யோசியுங்கள். 20 கிலோ இவி எலக்ட்ரான் இந்தக் கனத்தைக் கடக்கும்போது 200 முதல் 300 இவி வரை அங்கேயே விட்டுவிடும். அந்த ஆற்றலின் பெரும்பகுதி சமிக்ஞையாக வெளியே வராது. சாய்வாக வரும் எலக்ட்ரான் கூடுதல் தூரம் கடப்பதால் கூடுதலாக இழக்கும். கனத்தைச் சட்டென்று முடியும் ஒரு தாளாக நினைக்க வேண்டாம். ஆழம் கூடக்கூட மின்னூட்டத்தைச் சேகரிக்கும் திறன் மெதுவாக ஏறி முழுமையடைகிறது. அந்த ஏற்றம் எப்படி இருக்கிறது என்பதுதான் முகட்டின் இடப்பக்கச் சரிவைத் தீர்மானிக்கும்.

இதில் ஒரு பாடத்தை நான் நேரடியாகக் கற்றேன். வேலையின் தொடக்கத்தில் ஒரு டிடெக்டருக்கு அமெரிசியம்-241 மூலத்தை வைத்துக் காலிபரேஷன் செய்தேன். அதன் 59.5 கிலோ இவி காமா கோடு அழகான ஊசிபோல வந்தது. அதனோடு வரும் எக்ஸ் கதிர்க் கோடுகளும் ஒரே நேர்க்கோட்டில் அமர்ந்தன. மூன்று வாரம் அந்த எண்களை நம்பி வேலை செய்தேன். அதன் பிறகு எலக்ட்ரான் துப்பாக்கியைப் பொருத்தினோம். 20 கிலோ வோல்ட்டில் விட்ட எலக்ட்ரான்களின் முகடு கிட்டத்தட்ட 300 இவி கீழே நின்றது. மின்னழுத்த மூலத்தைச் சந்தேகப்பட்டோம், கம்பிகளைச் சந்தேகப்பட்டோம், பெருக்கியை மாற்றினோம். எதிலும் தவறு இல்லை. காமாவும் எக்ஸ் கதிரும் சிலிக்கானின் ஆழத்தில் போய் ஆற்றலைக் கொடுக்கின்றன. மேல் அடுக்கை அவை கவனிப்பதே இல்லை. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் அந்த அடுக்கின் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். நான் செய்த காலிபரேஷன் மின்னணுச் சுற்றுக்குச் சரி, எலக்ட்ரானுக்குத் தவறு. அன்றிலிருந்து, எந்தத் துகளை அளக்கப் போகிறோமோ அதே துகளை வைத்துத்தான் கடைசிச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கேட்ரினில் கதிரியக்கமுள்ள கிரிப்டான்-83எம் வாயுவை, ட்ரிட்டிய வாயு இருக்கும் மூலப் பகுதிக்குள் விட்டு, அதன் 17.8 கிலோ இவி எலக்ட்ரான் கோட்டைப் பயன்படுத்துவதன் மதிப்பும் எனக்கு இப்படித்தான் புரிந்தது. அதன் அரை ஆயுட்காலம் 1.8 மணி நேரம்தான் என்பதால் வேலை முடிந்ததும் கருவியில் தங்காது. அந்தக் கோடு டிடெக்டருக்கு மட்டுமல்ல, மூலத்தின் உள்ளே இருக்கும் மின்னழுத்தத்தைச் சோதிக்கவும் உதவுகிறது.

வாலின் இரண்டாவது மூலம் பின்சிதறல். சிலிக்கானில் மோதும் எலக்ட்ரான்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை, கோணத்தைப் பொறுத்து அதற்கும் மேலே, ஆற்றலின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துவிட்டு வந்த வழியே வெளியேறிவிடும். சாதாரண ஆய்வக அமைப்பில் அவை போனது போனதுதான். கேட்ரின் போன்ற அமைப்பில் கதை நீள்கிறது. வெளியேறிய எலக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைப் பற்றிக்கொண்டு மேலே போகும். 10 கிலோ வோல்ட் முடுக்கத்தை ஏற முடியாதவை அங்கேயே திரும்பும். அதைத் தாண்டியவற்றில் பல, வலுவான காந்தத்தின் கண்ணாடி விளைவால் திரும்பும். இன்னும் மேலே போனவற்றை வடிகட்டியின் மின்னழுத்தம் திருப்பும். திரும்பியவை மீண்டும் டிடெக்டரில் மோதும். சில நூறு நானோநொடிக்குள் அதே பிக்சலில் (டிடெக்டர் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு பகுதிகளில் ஒன்றில்) மோதினால் இரண்டு துண்டுகளும் ஒரே நிகழ்வாகக் கூடி, முழு ஆற்றல் கிடைத்துவிடும். தாமதமாகவோ, பக்கத்துப் பிக்சலிலோ விழுந்தால் ஒரு எலக்ட்ரான் இரண்டாகக் கணக்கில் வரலாம்.

இதில் நிறை அளவீட்டைத் தொடுவது மிகச் சிறிய ஒரு கூட்டம்தான். மோதும்போது மிகக் கொஞ்சம், சில இவி முதல் சில பத்து இவி வரை மட்டும் இழந்து பின்சிதறும் எலக்ட்ரான்களை நினைத்துப் பாருங்கள். வடிகட்டி முனைக்கு 40 இவி கீழே இருந்தால், அவற்றில் சிலவற்றுக்குச் சுவரை மறுபடி தாண்டி மூலத்துக்கே திரும்பிப்போக இன்னும் கையிருப்பு இருக்கும். அவை தொலைந்துவிடும். வடிகட்டி முனைக்கு 5 இவி கீழே இருந்தால் அந்த வழி கிட்டத்தட்ட மூடப்பட்டுவிடும். அதாவது இழப்பு மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறுகிறது. இப்படி இழப்பு ஏற்படுகிறது என்பதும், எந்தத் திசையில் மாறுகிறது என்பதும் உறுதி. குறுகிய வரம்பில் அதன் அளவு மிகச் சிறியது என்பதும் உறுதி. ஆனால் துல்லியமான எண்ணுக்கு நாம் கணினி உருவகப்படுத்தலை நம்பியிருக்கிறோம். 28 கிலோ இவி எலக்ட்ரான், 20 இவி மட்டும் இழந்து, குறிப்பிட்ட கோணத்தில் வெளியேறும் நிகழ்தகவு ஒரு மாதிரிக்கும் இன்னொரு மாதிரிக்கும் வேறுபடும். மொத்தப் பின்சிதறல் விகிதம் நன்றாக அளக்கப்பட்ட ஒன்று. இந்த ஓரத் துண்டுக்கு அந்த அளவு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இரண்டு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றின் மேல் ஒன்று குவிவதைப் பற்றியும் கேள்விகள் வரும். முனையை ஒட்டிய அளவீட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பிக்சல்களுக்குப் பங்கிட்டால் ஒரு பிக்சலுக்கு நொடிக்கு ஒன்றுகூடத் தேறாது. சுற்று ஒரு நிகழ்வைச் செரிக்க இரண்டு மைக்ரோநொடி எடுத்தாலும், தற்செயலாக இரண்டு சேரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றிரண்டுதான். இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்தக் குவிவு பின்வாசல் வழியாக வருகிறது. மூலத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது, அதில் மோதும் எலக்ட்ரான் எவ்வளவு இழக்கிறது என்பதை எலக்ட்ரான் துப்பாக்கியால் அளக்கிறார்கள். அந்தக் கற்றை ஓரிரு பிக்சல்களில் மட்டும் விழும். நொடிக்கு 10,000 என்று வைத்தால், அதே இரண்டு மைக்ரோநொடியில் குவிவு இரண்டு சதவீதம். குவிந்த இரண்டு எலக்ட்ரான்கள் 57 கிலோ இவி போலத் தெரியும். மேல் எல்லை அதற்குக் கீழே இருந்தால் இரண்டுமே கணக்கிலிருந்து போய்விடும். வடிகட்டியைத் திறக்கத் திறக்க வீதம் கூடும், வீதம் கூடக்கூட இழப்பும் கூடும், அளக்கும் வளைகோட்டின் உச்சி அமுங்கும். அந்த அமுங்கலைத் திருத்தாவிட்டால் வாயுவின் அளவு தவறும். வாயுவின் அளவு தவறினால் ட்ரிட்டிய நிறமாலையின் மாதிரி தவறும். இரட்டை, மும்மடங்கு முகடுகளைத் தனியாக எடுத்து எண்ணிக்கையில் திரும்பச் சேர்ப்பதுதான் வழக்கமான மருந்து. டிடெக்டர் பிழைகளை மதிப்பிடும்போது முதன்மை அளவீட்டை மட்டும் பார்த்துவிட்டு, துணை அளவீடுகளை மறந்துபோவது நான் அடிக்கடி காணும் தவறு.

பிக்சல்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்ரினின் டிடெக்டர் 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே சிலிக்கான் வட்டு. அதில் சம பரப்புள்ள 148 பிக்சல்கள். முதல் இரண்டு அளவீட்டுத் தொடர்களில் அவற்றில் 117-ஐ மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். இரைச்சல் மிக்கவை, வழியில் வேறு பாகங்களின் நிழல் விழுந்தவை ஆகியவற்றை ஒதுக்கினார்கள். பார்ப்பதற்கு வீணடிப்புபோலத் தெரியும். ஆனால் பாதி நிழலில் இருக்கும் பிக்சல், காந்தப்புலம் துளி அசைந்தாலும் தன் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும். மின்னழுத்தத்தோடு மாறும் பிழை வேண்டாம் என்ற அதே நியாயம்தான் இதற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் டிடெக்டர் எண்ணுவதோடு நிற்கும் சோதனைக்கு. வடிகட்டியைத் திறந்துவிட்டு டிடெக்டரையே ஆற்றலை அளக்கச் சொன்னால் நிலைமை தலைகீழாகிவிடும். கிலோ இவி நிறையுள்ள மலட்டு நியூட்ரினோ (சாதாரண நியூட்ரினோவைப் போல வினைபுரியாத, கருதுகோளாக மட்டும் உள்ள துகள்) இருக்கிறதா என்று தேடுவதற்காக ட்ரிஸ்டன் என்ற புதிய டிடெக்டரைக் கேட்ரினுக்கென்று உருவாக்கியிருக்கிறார்கள். 166 பிக்சல்கள் கொண்ட, சிலிக்கான் டிரிஃப்ட் என்ற வகை டிடெக்டர் அலகுகள், முதல் கட்டத்தில் ஒன்பது. 20 கிலோ இவியில் 300 இவி அளவுப் பகுதிறன். தேடுவது முழு நிறமாலையில் எங்கோ ஒரு சின்ன முறிவை. சாதாரண நியூட்ரினோவோடு மலட்டு நியூட்ரினோ பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் கலந்திருந்தாலும் காணும் நிலை வரை போக வேண்டும் என்பது நோக்கம். அங்கே நான் சொன்ன வால் முதல் தர எதிரி. உயர் ஆற்றலில் வரும் ஒவ்வொரு எலக்ட்ரானும் கீழ் ஆற்றல் பகுதியில் தன் வாலைப் போடுகிறது. உணர்வற்ற அடுக்கின் வடிவம், பிக்சல் எல்லையில் மின்னூட்டம் இரண்டாகப் பிரிவது, வீதம் ஏற ஏறக் கூடும் குவிவு, எல்லாமே நிறமாலையின் வடிவத்தில் நேரடியாகத் தெரியும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்றின் படிகள் சம அகலமாக இல்லை என்பதுகூட அங்கே ஒரு பிரச்சினை; ஒரு படி கொஞ்சம் அகலமாக இருந்தால் அதில் கொஞ்சம் கூடுதல் எண்ணிக்கை விழும், அது ஒரு போலி மேடாகத் தெரியும். முடுக்க மின்னழுத்தத்தைச் சற்று மாற்றி மாற்றி வைத்தும், பல பிக்சல்களைச் சராசரியாக்கியும் அந்த மேட்டைக் கரைக்கலாம். ஒரே இடத்தில் நிற்காத மேடு இயற்கையுடையதல்ல என்று தெரிந்துவிடும்.

டிடெக்டரைச் சுற்றியுள்ள பிழை ஒரு புதிய துகளையே உண்டாக்கிவிட முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. 1985-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜான் சிம்ப்சன், சிலிக்கான் டிடெக்டருக்குள்ளேயே ட்ரிட்டியத்தைப் புதைத்து அளந்து, 17 கிலோ இவி நிறையுள்ள நியூட்ரினோவின் அடையாளம் தெரிகிறது என்றார். பல குழுக்கள் மறுத்தன. அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ ஹைமும் நிக் ஜெல்லியும் கந்தகம்-35 நிறமாலையில் கிட்டத்தட்ட ஒரு சதவீத அளவில் அதே முறிவைக் கண்டார்கள். இரண்டு வேறு தனிமங்கள், இரண்டு வேறு அமைப்புகள், ஒரே நிறை. நம்பாமல் இருப்பது கடினம். கடைசியில், மூலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவே இருந்த தடுப்புத் தகடுகளின் விளிம்பில் எலக்ட்ரான்கள் மோதிச் சற்று ஆற்றல் இழந்து வந்ததுதான் ஆக்ஸ்ஃபோர்டு முறிவுக்குக் காரணம் என்று தெரிந்தது. அந்த விளக்கத்தை வெளியிட்டவர் ஹைமேதான். எனக்கு அவர் மீது மிகுந்த மரியாதை உண்டு.

அந்தக் கதையில் என்னை அதிகம் கவர்ந்தது அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகம் 1993-ல் செய்தது. முறிவு இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, இருந்திருந்தால் உங்கள் கருவி பார்த்திருக்குமா என்று யாரும் கேட்பார்கள் அல்லவா? அவர்கள் கந்தகம்-35 மூலத்தில் கொஞ்சம் கார்பன்-14-ஐ வேண்டுமென்றே கலந்தார்கள். கந்தகத்தின் முனை 167 கிலோ இவி, கார்பனுடையது 156 கிலோ இவி. கலவையின் நிறமாலையில், 17 கிலோ இவி நியூட்ரினோ உண்டாக்கியிருக்கும் முறிவைப் போன்ற ஒரு முறிவு 156-ல் வர வேண்டும். வந்தது, சரியான அளவில் வந்தது. கலக்காத மூலத்தில் வரவில்லை. ஒரு டிடெக்டரை நம்பலாம் என்று காட்ட இதைவிட நேர்மையான வழியை நான் பார்த்ததில்லை.

கடைசியாக உங்கள் எதிர்மறை நிறை வர்க்கக் கேள்வி. இங்கே ஒரு எளிய சூத்திரம் உதவும்: கணக்கில் வராத ஒரு ஆற்றல் மங்கல் சிக்மா என்ற அகலத்தில் இருந்தால், நிறையின் வர்க்கம் இரண்டு சிக்மா வர்க்கம் அளவுக்குக் கீழே நகரும். 0.1 இவி மங்கலை மறந்தால் நகர்வு 0.02 இவி வர்க்கம். கேட்ரின் வடிவமைக்கப்பட்டபோது எல்லா முறையான பிழைகளுக்கும் சேர்த்து ஒதுக்கிய அளவே 0.017 இவி வர்க்கம்தான். கவனியுங்கள், இங்கே மங்கல் என்பது வடிகட்டியும் மூலமும் சார்ந்த மங்கல். டிடெக்டரின் இரண்டாயிரம் இவி மங்கல் இந்தச் சூத்திரத்துக்குள் வராது. அது சுவரைத் தாண்டிய பிறகு நிகழ்வது. 1990-களில் பல சோதனைகள் எதிர்மறை எண்களைத் தந்தன. ஜெர்மனியின் மைன்ஸ் நகரச் சோதனைக் குழுவின் விஷயத்தில் காரணம், உறையவைத்த ட்ரிட்டியப் படலத்தின் மேற்பரப்பு காலப்போக்கில் கரடுமுரடானது, டிடெக்டர் அல்ல.

கேட்ரினின் 2025 முடிவில் மையமதிப்பு -0.14 இவி வர்க்கம், பிழை 0.13 முதல் 0.15 வரை. பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பிழை அளவு தூரம்தான், ஆகவே இதற்கென்று ஒரு காரணம் தேடத் தேவையே இல்லை. டிடெக்டரைச் சந்தேகிப்பவர் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: ஆற்றல் சாளரத்தின் கீழ் எல்லையை மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் நிறை வர்க்கத்தைத் திரும்பக் கணக்கிடுவது. வாலோ, பின்சிதறலோ, சாளர இழப்போ காரணமாக இருந்தால் எல்லையோடு சேர்ந்து விடையும் நகரும். பிக்சல்களை உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரித்தும் இதையே செய்யலாம். வேறு எந்தச் சோதனையின் வெளியீட்டைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டு படங்களைத்தான்.